அடையாள அட்டையை உள்ளே போடுங்கோ

லண்டனில் வீடு வீடாகப் போகும் மனநலத் தாதிக்குச் சீருடை கிடையாது. சாதாரண உடுப்பு, மழைக்கோட்டு, தோளில் ஒரு பை. பைக்குள் அன்றைக்குப் போடவேண்டிய ஊசிமருந்து, பிரஷர் பார்க்கும் கருவி, பாவித்த ஊசியைப் போடுகிற மஞ்சள் பெட்டி. நாங்கள் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது கழுத்தில் தொங்கும் நீலப் பட்டியும் அதில் கோத்த அடையாள அட்டையும்தான். இருபது வருடத்துக்கு மேலாகத் தென் லண்டனில் இந்த வேலையில் இருக்கிறேன். பிரிக்ஸ்டன், பெக்கம், கம்பர்வெல், பிறகு குரொய்டன் பக்கம். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை ஜமைக்கா, நைஜீரியா, கானா என்று வந்தவர்களுடையவை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மிச்சம் சோமாலியர், பாகிஸ்தானியர், எங்கட தமிழ்ச் சனம். எல்லோர் வீட்டு வாசலிலும் ஒரே வேண்டுகோள் வரும்: அந்த அட்டையை உள்ளே போடுங்கோ.

அலுவலகத்தில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. கறுப்பின, ஆசியச் சமூகங்களில் மனநோயைக் களங்கமாகப் பார்க்கிறார்கள், விழிப்புணர்வு குறைவு, அதனால் உதவி தேடிவரப் பிந்துகிறார்கள் என்று எழுதிவிடுவார்கள். கூட்டங்களில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வாசலில் நின்று அந்த வேண்டுகோளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வீட்டுக்கு வீடு வேறு காரணத்தால் வருகிறது.

ரூட்டிங்கில் ஒரு தமிழ்த் தாய். மகனுக்கு இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் இருக்கிறான், குரல்கள் கேட்கின்றன. அவ கதவைச் சாத்திவிட்டுத்தான் என்னோடு கதைத்தா. "தங்கச்சி, முன்வீட்டில எங்கட ஊர் ஆக்கள் இருக்கினம். மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். ஒரு சொல்லு வெளியில போனா எல்லாம் குழம்பிப் போயிடும்." அவ பயந்தது முன்வீட்டுக்கு.

பிரிக்ஸ்டனில் ஒரு ஜமைக்கப் பாட்டி. பேரனை அவதான் வளர்த்தா. தெருவில் எல்லோருக்கும் அவன் சுகமில்லாதவன் என்று தெரியும். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் அவன் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னிலையிலும் ஜெபிக்கிறார்கள். மறைக்க அவவிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னா: "நேர்ஸ், அந்த அட்டையை எடுத்துப் பைக்குள் வையுங்கள். அதைப் பார்த்தால் அவனைக் கொண்டுபோக வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பான்." அவ பயந்தது எங்களுக்கு.

முதலாவது வெட்கம், இரண்டாவது அச்சம். வெட்கம் தன் ஆட்களிடமிருந்து வருகிறது. அச்சம் நிறுவனத்திடமிருந்து வருகிறது. இரண்டுக்கும் ஒரே துண்டுப்பிரசுரத்தைக் கொடுக்கிறோம். 2007இல் தொடங்கி 2021 வரை இங்கிலாந்தில் 'டைம் டு சேஞ்ச்' என்ற பெரிய பிரசாரம் நடந்தது. மனநோயைப் பற்றி வெளிப்படையாகக் கதையுங்கள் என்பதே அதன் சாரம். அதனால் நன்மை விளைந்ததை நான் பார்த்தேன். மேலதிகாரியிடம் மனச்சோர்வு என்று சொல்லி விடுப்புக் கேட்கும் துணிவு பலருக்கு வந்தது. ஆனால் கதைத்த பிறகு யார் வாசலுக்கு வருவார்கள் என்று பயப்படுகிறவருக்கு அந்தப் பிரசாரத்தில் பதில் இருக்கவில்லை.

யார் வருவார்கள் என்பதைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் மனநலச் சட்டம் 1983இல் வந்தது. பிரிவு 2இன் கீழ் ஒருவரை 28 நாள் வரை வைத்தியசாலையில் வைத்துப் பரிசோதிக்கலாம். பிரிவு 3இன் கீழ் ஆறு மாதம் வரை வைத்து வைத்தியம் செய்யலாம், பிறகு நீட்டலாம். பிரிவு 136 பொலிசுக்கு உரியது: பொது இடத்தில் ஒருவர் மனம் குழம்பி உடனடி உதவி தேவைப்படும் நிலையில் நின்றால், அவரைப் 'பாதுகாப்பான இடம்' ஒன்றுக்கு அவர்கள் கொண்டுபோகலாம். வீட்டுக்குள் இருப்பவர் கதவைத் திறக்காவிட்டால் நீதவானிடம் பிரிவு 135இன் கீழ் ஆணை பெற்று உள்ளே போகலாம். இந்த எண்களைச் சட்டப் புத்தகத்தில் படித்து அறிந்தவள் நான். பெக்கம் மாடிக்குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் அவற்றை மாமனுக்கும் அண்ணனுக்கும் நடந்ததிலிருந்து அறிந்திருந்தார்கள்.

135 ஆணையோடு போகும் ஒரு காலைநேரம் இப்படி இருக்கும். இரண்டு மருத்துவர்கள், சட்டப்படி முடிவெடுக்கும் அதிகாரமுள்ள சமூகப்பணியாளர், பூட்டுத் திறப்பவர், பொலிஸ் இருவர் அல்லது நால்வர். அம்புலன்ஸ் வரப் பிந்தும், எப்போதும் பிந்தும். அதனால் எல்லோரும் படிக்கட்டில் நிற்போம். பொலிசின் வோக்கிடோக்கி இரையும். பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒரு விரற்கடை திறக்கும். உள்ளே இருப்பவருக்கு எங்கள் குரல்கள் எல்லாம் கேட்கும். ஏற்கெனவே யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று நம்புகிறவர் அவர். இப்போது பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள். பல தடவை எங்களைக் கூப்பிட்டதே தாயாகத்தான் இருக்கும். உதவி கேட்டுத் தொலைபேசி எடுத்திருப்பா. வாசலில் சீருடைகளைக் கண்டதும் அவவின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் அடுத்த தடவை எடுக்கமாட்டா. மகன் சாப்பிடாமல், நித்திரையில்லாமல் வாரக்கணக்கில் இருந்தாலும் பொறுத்திருப்பா. நாங்கள் கோப்பில் எழுதுவோம்: குடும்பம் உதவி தேடப் பிந்தியது.

இது ஒரு சில வீடுகளின் கதையாக இருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2022–23இல் இங்கிலாந்தில் வெள்ளையரில் ஒரு இலட்சம் பேருக்கு 64 தடவை என்ற அளவில் மனநலச் சட்டத்தின் கீழ் அடைத்துவைத்தார்கள். கறுப்பினத்தவரில் அது 228. மூன்றரை மடங்குக்கு மேல். அதற்கு முந்தைய சில வருடங்களிலும் இடைவெளி இதைவிடக் குறைவாக இருந்ததில்லை. குடும்ப வைத்தியர் மூலம் அமைதியாக உள்ளே வரும் வழி ஒன்று, பொலிஸ் வாகனத்தில் வரும் வழி ஒன்று என்று இரண்டு வழி இருந்தால், கறுப்பின இளைஞர் அதிகம் வருவது இரண்டாவது வழியால்.

பெயர்களும் இருக்கின்றன. பிரிக்ஸ்டனில் வயதானவர்கள் அவற்றை மறக்கவில்லை. ஓர்வில் பிளாக்வுட் 1991இல் உயர்பாதுகாப்பு மனநல வைத்தியசாலை ஒன்றில் தனியறையில் பலவந்தமாக ஊசி போடப்பட்டபின் இறந்தார். 1993இல் வந்த விசாரணை அறிக்கையின் தலைப்பிலேயே 'பெரியவன், கறுப்பன், ஆபத்தானவன்' என்ற பொருள்படும் சொற்களை ஒரு கேள்விக்குறியோடு போட்டிருந்தார்கள். ஊழியர்கள் கறுப்பின நோயாளிகளை அப்படித்தான் பார்த்தார்களா என்ற கேள்வி அது. டேவிட் பென்னற் 1998இல் நோரிச் நகரில் இறந்தார். வயது 38. அன்று மாலை இன்னொரு நோயாளி அவரை நிறத்தைச் சொல்லி ஏசினார். கைகலப்பு நடந்தது. வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னற். அங்கே குழப்பம் கூடியபோது தாதியர் அவரை முகம் நிலத்தில் படும்படி ஏறத்தாழ 25 நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னரே அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார்: இங்கே கறுப்பின நோயாளிகள் பலர் இருக்கிறோம், ஊழியர்களில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லையே என்று. 2004இல் வெளியான விசாரணை அறிக்கை, தேசிய சுகாதார சேவைக்குள் நிறுவனமயமான இனவாதம் இருப்பதை ஒப்புக்கொள்ளச் சொன்னது. முகங்குப்புறப் பிடிப்பது மூன்று நிமிடத்துக்கு மேல் கூடாது என்றது.

அவரைப் பிடித்திருந்தவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். இதைத் தாதியர் பயிற்சி வகுப்புகளில் நான் எப்போதும் சொல்வேன். பொலிஸ் என்று தள்ளிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2010இல் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞரைப் பெற்றோரே தென் லண்டன் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் தானாக விரும்பி அனுமதிக்கப்பட்டவர். அங்கே பதினொரு பொலிஸ்காரர் அவரைப் பிடித்து அடக்கினார்கள். சில நாளில் உயிர் போனது. பெற்றோர் வருடக்கணக்காகப் போராடியதால் 2018இல் ஒரு சட்டம் வந்தது. மனநல வார்டுகளில் பலப்பிரயோகம் ஒவ்வொன்றும் பதியப்பட வேண்டும், உள்ளே வரும் பொலிஸ் உடலில் கமரா அணிந்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மக்கள் அதைச் 'செனியின் சட்டம்' என்கிறார்கள். இந்தக் கதையில் உதவி தேடப் பிந்தியவர் யாரும் இல்லை. உடனே தேடினார்கள், சரியான இடத்துக்குப் போனார்கள்.

இதையெல்லாம் தெரிந்த ஒரு பாட்டி அட்டையை உள்ளே போடச் சொன்னால் அவவுக்கு விழிப்புணர்வு குறைவு என்று என் கை எழுதாது.

நோயே கறுப்பினத்தவருக்குக் கூடுதலாக வருகிறதே, அதனால்தானே அடைத்துவைப்பதும் கூடுகிறது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2006இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று தென் லண்டன், நொட்டிங்காம், பிரிஸ்டல் மூன்று இடங்களிலும் பார்த்தது. கரீபியன் வழிவந்தவர்களிடையே மனச்சிதைவு நோய் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாகக் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் ஜமைக்காவிலும் பார்படோசிலும் பார்த்த ஆய்வுகளில் அப்படி இல்லை. உலகின் மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. ஆகவே இரத்தத்தில் தேடுவதில் பயனில்லை, இங்கே வந்தபின் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீடு, வேலை, பள்ளியிலிருந்து வெளியேற்றம், தனிமை, தெருவில் மறித்துச் சோதிக்கப்படுதல் என்று ஒரு வாழ்க்கை முழுவதும் சேர்வது அது.

இன்னொரு ஆய்வை என்னால் மறக்க முடியவில்லை. பிரெடரிக் ஹிக்லிங் என்ற ஜமைக்க மனநல மருத்துவர் லண்டனுக்கு வந்து, வைத்தியசாலை ஒன்றில் இருந்த நோயாளிகளைத் தானும் தனியாகப் பரிசோதித்தார். 1999இல் முடிவு வெளியானது. கறுப்பின நோயாளிகளில் எத்தனை வீதம் பேருக்கு மனச்சிதைவு என்பதில் அவருக்கும் ஆங்கில மருத்துவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்த நோய் யார் யாருக்கு என்பதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் நோய் என்று சொன்னவரை மறுபக்கம் இல்லை என்றது. எனக்கு இது கலக்கத்தைத் தந்தது. நான் ஊசி போடுவது அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தானே.

இலங்கையில் பிறந்து இங்கே வடக்கு லண்டனில் மனநல மருத்துவராக வேலை செய்த சுமன் பெர்னாண்டோ இதைத்தான் 1980களிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். இனமும் பண்பாடும் மனநல மருத்துவத்துக்குள் எப்படி வேலை செய்கின்றன என்ற அவருடைய நூல் 1988இல் வந்தது. 2007இல் அரசு கொடுக்க வந்த பட்டத்தை அவர் வாங்க மறுத்தார். அந்த வருடம் மனநலச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் கறுப்பினத்தவரையே அதிகம் அழுத்தும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தத் திருத்தத்தின் வழியாக வந்ததுதான், வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பியபின்னும் மருந்தை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடும் ஆணை. இன்றைக்கு அது கறுப்பினத்தவர்மீது வெள்ளையரைவிடப் பல மடங்கு விதிக்கப்படுகிறது. என் பையில் இருந்த ஊசிகளில் பாதி அந்த ஆணையின் கீழ் போடப்பட்டவை.

ஊசி போடும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு வாரத்துக்கு ஒருமுறை, சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து எண்ணெய் போலத் தடித்தது, மெதுவாகத்தான் தள்ள வேண்டும். இடுப்பின் பின்புறம் அல்லது தோள், போன முறை இடது என்றால் இந்த முறை வலது. நான் கேட்காமல் பக்கத்தை எடுப்பதில்லை. "இன்றைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்லும்வரை காத்திருப்பேன். மருந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஆணை பெருமளவு எடுத்துவிட்டது. பக்கத்தைச் சொல்லும் உரிமையாவது அவரிடம் இருக்கட்டும். சின்ன விஷயம்தான். ஆனால் ஆறு மாதம் என்னோடு ஒரு வார்த்தை கதைக்காத ஒருவர் முதன்முதலில் சொன்ன சொல் 'வலது' என்பதுதான்.

மருந்தின் அளவுகோல்களுக்குள்ளும் நிறம் இருக்கிறது. க்ளோசபீன் என்ற குளிசை, மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்குக் கொடுப்பது. அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் எடுக்க வேண்டும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடத்துக்குப் பின் மாதம் ஒருமுறை. நியூட்ரோபில் என்ற அணு ஒரு மைக்ரோலீற்றரில் 1,500க்குக் கீழே போனால் ஆய்வுகூடம் சிவப்பு எச்சரிக்கை அனுப்பும். மருந்தை உடனே நிறுத்த வேண்டும். ஆபிரிக்க, கரீபியன் வழிவந்த பலருக்கு அந்த அணு பிறவியிலேயே குறைவு. அது நோயல்ல, அதனால் அவர்களுக்குத் தொற்று கூடுவதும் இல்லை. 1,500 என்ற எல்லை அவர்களை மனதில் வைத்துப் போடப்பட்டது அல்ல. இரத்தநோய் நிபுணர் ஒருவர் எழுதிக்கொடுத்துப் பதிந்தால் எல்லை 1,000 ஆக இறங்கும்.

கானாவிலிருந்து வந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் க்ளோசபீனில் நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். குரல்கள் அடங்கி, கடைக்குத் தனியே போகத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் சிவப்பு வந்தது. மருந்து நின்றது. இரண்டு நாளுக்கு மேல் நின்றுவிட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்க முடியாது, அடியிலிருந்து ஏற்ற வேண்டும். அவருடைய பழைய இரத்தப் பரிசோதனைகளைத் தேடி எடுத்துப் பார்த்தோம். நோய் வருவதற்கு முந்திய காலத்திலும் அதே அளவுதான். பதிவு மாறி, மருந்து திரும்பவும் தொடங்க வாரங்கள் போயின. அதற்குள் குரல்கள் வந்துவிட்டன. அவருடைய அக்கா கேட்டா: "நோயாளி கறுப்பினத்தவர் என்று முதல்நாளே தெரியும்தானே. ஏன் முதல்நாளே பதியவில்லை?" நியாயம் அவ பக்கம். அதன்பிறகு எங்கள் குழுவில் க்ளோசபீன் தொடங்குமுன் பழைய இரத்த அறிக்கைகளை எடுத்துப் பார்க்காமல் யாரும் தொடங்குவதில்லை.

அச்சத்தை எது குறைக்கும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மக்கள் ஏற்கெனவே நம்பிப் போகிற இடத்துக்கு நாங்கள் போவது, பொலிஸ் வருவதற்கு வெகு முன்னரே போவது.

தென் லண்டனில் அது முடிவெட்டும் கடை. வெள்ளிக்கிழமை இரவு பெக்கம் ரை லேன் பக்கம் போனால் ஒன்பது மணிக்கும் கதிரைகள் நிறைந்திருக்கும். வெட்டவேண்டிய தேவை இல்லாதவர்களும் இருப்பார்கள். முடி ஓரத்தைக் கூராக எடுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். ஆக என் ஊசியைப் போல அதற்கும் ஒரு முறை இருக்கிறது. என் நோயாளி ஒருவர் பதினைந்து வயதிலிருந்து ஒரே கடைக்குப் போகிறவர். அந்தக் கடைக்காரருக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, என் கோப்பில் அது இல்லை: நோய் கூடத் தொடங்கும் நாட்களில் அவர் கதிரையைத் திருப்பி, கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காருவார். அதற்குச் சில வாரத்தின்பின் கடைக்கே வரமாட்டார். அதற்குப் பிறகு பொலிஸ்.

எங்கள் தொழிலில் ஒரு விதி: யாரும் எனக்கு எதையும் சொல்லலாம், நான் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது. ஆகவே நோயாளியிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, தன் நெருக்கடித் திட்டத்தில் எழுதச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு தாள் இருக்கும். சுகமில்லாமல் போனால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று. பெரும்பாலும் எங்கள் அலுவலக இலக்கத்தையே எழுதி நிரப்பி வைப்போம். அவர் தன் முடிவெட்டுபவரின் இலக்கத்தைப் போட்டார். கையெழுத்தும் போட்டார். அடுத்த தடவை கதிரை திரும்பியபோது எனக்குத் தொலைபேசி வந்தது. வேலை முடிந்து கடைக்குப் போனேன். பின்னறையில் மூன்றுபேரும் இருந்து கதைத்தோம். மருத்துவர் சில வாரத்துக்குக் குளிசையும் சேர்த்து எழுதினார். அந்தத் தடவை வைத்தியசாலை தேவைப்படவில்லை. பிறகொரு வருடம் தேவைப்பட்டது. கடைக்காரர் காரில் கூட்டிவந்தார், அவர் தானாக நடந்து உள்ளே வந்தார். எண்களில் அது எங்கும் வராது. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரியது என்பதை அவருடைய தாய் என் கையைப் பிடித்தபோது அறிந்தேன்.

தேவாலயங்களும் அப்படித்தான். 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் ஆங்கிலத் தேவாலயங்களில் முகம் கொடுக்கப்படாமல், தங்களுக்கென்று வாடகை மண்டபங்களில் கட்டியெழுப்பியவை அவை. போதகர் குளிசையை நிறுத்தச் சொன்னதும் உண்டு. ஆனால் ஜெபித்துவிட்டுக் 'குளிசையையும் போடு' என்று மேடையிலிருந்தே சொன்ன போதகர்களை நான் அறிவேன். அவர்கள் சொன்ன அந்த ஒரு வசனம் என் பத்து வருகைகளைவிடப் பெறுமதியானது.

இனி எங்கட வீடுகள். அங்கே எனக்கு வேறு கதை. கறுப்பினக் குடும்பங்கள் பல, தங்களில் ஒருவரைத் தாதியாக அனுப்புங்கள் என்று கேட்கும். தமிழ்க் குடும்பங்களில் சில, தமிழர் வேண்டாம் என்று கேட்கும். பெயரைப் பார்த்ததுமே அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, 'வேற ஆரையும் அனுப்புங்கோ' என்றிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் அதே கதை: எந்த ஊர், யாருடைய மகள் என்று முதலில் விசாரிப்பார்கள். வெட்கம் இருக்கிற வீட்டில் சொந்த ஆள்தான் ஆபத்து. ஒரே நிறத்து, ஒரே மொழித் தாதியை அனுப்பினால் எல்லாம் சரியாகும் என்கிற அதிகாரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம்.

வெட்கத்தோடு மோதுவதில் பயனில்லை. அதற்குப் பக்கத்தால் போகவேண்டும். எங்கட சனத்தில் சலரோகம் இல்லாத வீடு குறைவு. மனநோய்க் குளிசைகளில் சில, முக்கியமாக ஓலன்சபீன், எடையையும் சீனியையும் கூட்டும். ஆகவே அந்த நோயாளிக்குச் சீனி பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதிதான். ரூட்டிங் அம்மாவிடம் சொன்னேன்: "அன்ரி, ஆரும் கேட்டா சீனி பார்க்க வாற நேர்ஸ் எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லை." மேசையில் சீனி பார்க்கும் கருவியை வைத்துவிட்டு மகனின் விரலில் குத்துவேன். பிறகு தகப்பனும் தன் விரலை நீட்டுவார். நித்திரை எப்படி என்று கேட்பேன். தகப்பனிடம் அந்தக் கேள்விக்கு நீண்ட பதில் இருந்தது.

அவர் தொண்ணூறுகளில் வந்தவர். வரமுன்னர் என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. மகனின் நோய்க்கு ஏழரைச் சனி என்று சாத்திரி சொன்னதை நம்பி, அது முடியட்டும் என்று காத்திருந்ததும் அவர்தான். அவருடைய நித்திரையின்மையைப் பற்றி எந்தச் சாத்திரியிடமும் கேட்கவில்லை. இங்கே நவம்பர் 5 வாணவேடிக்கை நாள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கிழமை வெடி கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கிழமைகளில் போரைக் கண்டு வந்த தமிழ், சோமாலிய வீடுகளுக்கு நான் கூடுதலாகப் போவேன். நடுக்கம், வியர்வை, கதவை மூன்று தடவை பூட்டிப் பார்ப்பது. எழுபது வயது மனிதர்கள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பார்கள்.

எங்கட ஆட்களுக்கு மனநோய் விஷயத்தில் முன்னனுபவம் இல்லை என்றில்லை. இலங்கையில் 'அங்கொடை' என்றால் ஏச்சு. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 'மந்திகை' என்று கேலி செய்வார்கள். இரண்டும் மனநோய்க்கு வைத்தியம் செய்யும் வைத்தியசாலை உள்ள இடங்களின் பெயர்கள். அந்த யாழ்ப்பாணத்தில்தான், போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1987இல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் தொடங்கப்பட்டது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் கூட இருந்தவர்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவர்கள் மிகச் சிலர், நோவு ஊர் முழுக்க. வேறு வழி இருக்கவில்லை. பள்ளிக்கூட ரீச்சரும் கிராம சேவையாளரும் பக்கத்து வீட்டுக்காரரின் துயரத்தைக் கேட்கப் பழகினார்கள். பெக்கம் முடிவெட்டும் கடையின் பின்னறையில் இருந்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பணக்கார நாட்டிலும் வேலை நடப்பது அதே வழியில்தான்.

இங்கே அந்த வழிக்குக் காசு வருடத்துக்கு வருடம் ஒப்பந்தமாக வருகிறது. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் பராமரிக்கும் தாய்மாருக்காக ஒரு குழு நடக்கும். மார்ச் மாதம் வந்தால் ஏப்ரலில் மண்டப வாடகை யார் தருவார் என்று தெரியாது. நம்பிக்கையைக் கட்டவே மூன்று வருடம் பிடிக்கும் இடத்தில் பன்னிரண்டு மாதக் காசு கொடுப்பது சரியே இல்லை. 2023இல் எல்லா மனநல நிறுவனங்களும் இனச் சமத்துவத்துக்கான ஒரு சட்டகத்தைப் பின்பற்ற வேண்டும் என்று தேசிய சுகாதார சேவை விதித்தது. யாரை எத்தனை தடவை அடக்கினோம், அடைத்தோம் என்பதை இனவாரியாக வெளியிட வேண்டும், சமூகத்தவரைச் சேர்த்துத் திட்டம் போட வேண்டும். நல்லது. அந்தச் சமூகத்தவர் கூடும் மண்டபத்தின் வாடகையும் அதற்குள் அடங்க வேண்டும். நான் கூட்டங்களில் விடாமல் கேட்பது அது.

அந்தச் சனிக்கிழமைக் குழுவுக்கு ஜமைக்க, கானா, சோமாலியத் தாய்மாரோடு ரூட்டிங் அம்மாவும் வருகிறா. தமிழ்க் குழு ஒன்று இருக்கிறது என்றேன், வேண்டாம் என்றா. இங்கே ஊர் ஆட்கள் இல்லை, அதனால் வாய் திறக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில் அவ மகனைப் பற்றிச் சொல்ல, பிரிக்ஸ்டன் பாட்டி தலையாட்டிக் கேட்பா. பாட்டி பொலிசைப் பற்றிச் சொல்லும்போது இவ விளங்கிக்கொள்கிறா. சீருடைக்குப் பயந்து வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவதானே.

2025 அக்டோபரில் புதிய மனநலச் சட்டம் நிறைவேறியது. குழுவில் அதைப் படித்துக் காட்டினேன். இதுவரை சட்டம் தன் வரிசைப்படி நெருங்கிய உறவினர் யார் என்று தீர்மானித்தது. இனி நோயாளி தனக்காகப் பேசும் ஒருவரைத் தானே நியமிக்கலாம். சுகமாக இருக்கும்போதே, சுகமில்லாதபோது என்ன வேண்டும் என்று எழுதிவைக்கலாம். ரூட்டிங் அம்மாவுக்கு அது உறுத்தியது. "அப்ப அவன் தன்ர சிநேகிதனைப் போட்டா நான் ஆர்?" அவவின் பக்கத்தில் இருந்த கானாப் பெண், தன் மகன் யாரைப் போடுவான் என்று தெரியாது, இன்றைக்கே கேட்கப் போகிறேன் என்றா. எப்போது நடைமுறைக்கு வரும் என்று பாட்டி கேட்டா. படிப்படியாக வரும், முழுவதும் வரப் பத்து வருடம்வரை ஆகலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது என்றேன். "எனக்கு இப்போதே எண்பத்தொன்று" என்றா.

படிவத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, பேரன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையே கோப்பில் சேர்ப்பேன் என்றேன். மூன்றுபேர் தாள் கேட்டார்கள். முதலாவதாக என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். பொலிசுக்கு முன்னால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன்.